நாட் கிங் கோலை விட்டுவிட்டு எழுதப்படும் வரலாறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1950களிலும் 1960களிலும் புகழ்பெற்றிருந்த மென்குரல் பாடகர்களின் பல்சுவை நிகழ்ச்சிகள் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். பிங் கிராஸ்பி, பெரி கோமோ, ஃபிராங்க் சினாட்ரா, டீன் மார்ட்டின், ஆண்டி வில்லியம்ஸ் ஆகியோரைப் பற்றித் தமிழில் எழுத இன்று ஆள் அரிது. எழுத வந்தவர் அன்போடு எழுதியிருக்கிறார். இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையைக் கேட்டு வளர்ந்த என் தலைமுறைக்கு இக்குரல்கள் பழக்கமானவை. ஆனால் அவற்றின் முகங்களை வெகுகாலம் கழித்து, பழைய ஒளிப்பதிவுகளின் வழியாகத்தான் பார்க்க முடிந்தது. அந்த வகையில் கட்டுரையாளருக்கு நான் நன்றிக்கடன் பட்டவன்.

எனினும் அக்கட்டுரையின் இரண்டு கருத்துகளை மறுக்காமல் இருக்க முடியவில்லை. அது திறமை ஒன்றையே தகுதியாகக் கொண்டிருந்த காலம் என்பது ஒன்று. கறுப்பினப் பாடகரும் பியானோ கலைஞருமான நாட் கிங் கோலின் நிகழ்ச்சி போதிய பார்வையாளர்கள் இல்லாமையால் ஓராண்டிலேயே நின்றுபோனது என்பது மற்றொன்று. இரண்டாவது கருத்து பிழையானது. அது பிழை என்று தெரிந்தபின் முதலாவது கருத்துக்கும் ஆதாரம் இல்லாமல் போகிறது.

முதலில், இப்பாடகர்கள் தொலைக்காட்சிக்கு ஏன் அவ்வளவு பொருத்தமானவர்களாக அமைந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். கட்டுரை இதைத் தொட்டுவிட்டு விரைவாக நகர்ந்துவிட்டது. ஒலிபெருக்கி வருவதற்கு முன் மேடைப் பாடகர் ஒருவர் அரங்கின் கடைசி வரிசை வரை எட்டும்படி தொண்டையைத் திறந்து பாட வேண்டியிருந்தது. ரூடி வாலீ போன்றவர்கள் கூம்பு வடிவக் குழாயை வாயருகே பிடித்துக்கொண்டு பாடியதும் அதற்காகத்தான். 1920களில் மின் ஒலிப்பதிவும் நல்ல மைக்குகளும் வந்தபின், மைக்கை நெருங்கி நின்று, ஒருவரிடம் மட்டும் பேசுவதுபோல் தணிந்த குரலில் பாடலாம் என்றாயிற்று. அந்தச் சாத்தியத்தை ஒரு முழுமையான கலையாக வளர்த்தவர் பிங் கிராஸ்பி. மூச்சை எங்கே விடுவது, மெய்யெழுத்தை எவ்வளவு மென்மையாக உச்சரிப்பது, தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி எப்போது சொல்லை வைப்பது என்பனவெல்லாம் மைக் இருப்பதால் மட்டுமே கேட்கக்கூடிய நுட்பங்கள். வானொலி அவற்றை வீட்டுக்குள் கொண்டுவந்தது. தொலைக்காட்சியோ முகத்தையும் அருகில் கொண்டுவந்துவிட்டது. அரங்கத்துக்காகப் பயின்ற பாடகர்களின் பெரிய அசைவுகள் சிறிய திரையில் மிகையாகத் தோன்றின. கோமோ ஒரு முக்காலியில் அமர்ந்து, கம்பளிச் சட்டையோடு, கையைக்கூட அதிகம் அசைக்காமல் பாடியபோது அவர் நம் கூடத்தில் அமர்ந்திருப்பதாகவே பார்த்தவர்கள் உணர்ந்தார்கள். பென்சில்வேனியா மாநிலத்தின் கேனன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் முடிதிருத்துநராகத் தொழில் தொடங்கியவர் அவர். அந்த எளிமை திரையில் தெரிந்தது.

ஆனால் பாடகர் வீட்டுக்குள் வருவதற்கு ஒருவர் பணம் கொடுக்க வேண்டும். அக்கால அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர் யார் என்பதைக் கட்டுரை எங்குமே கேட்கவில்லை. இன்றுபோல் பல நிறுவனங்கள் அரை நிமிடத் துண்டுகளாக விளம்பர நேரத்தை வாங்கும் முறை அப்போது வேரூன்றியிருக்கவில்லை. வானொலிக் காலத்திலிருந்து வந்த வழக்கப்படி, ஒரே நிறுவனமோ இரண்டு நிறுவனங்களோ ஒரு முழு நிகழ்ச்சியின் செலவையும் ஏற்றன. நிகழ்ச்சியின் பெயரிலேயே தங்கள் பெயரைப் பொறித்துக்கொண்டன. கோமோவின் தொடக்ககால நிகழ்ச்சி செஸ்டர்ஃபீல்டு சிகரெட்டின் பெயரைத் தாங்கியிருந்தது. 1959க்குப் பிறகு அவரது நிகழ்ச்சி பாலாடைக்கட்டி விற்கும் கிராஃப்ட் நிறுவனத்தின் பெயரில் நடந்தது. அந்த ஒப்பந்தத்தின் மதிப்பு 2.5 கோடி டாலர் என்று அப்போது செய்தி வெளியானது. டைனா ஷோரின் நிகழ்ச்சி செவர்லே காரின் பெயரில் வந்தது. பல நேரங்களில் நிகழ்ச்சியைத் தயாரிப்பதில் ஒளிபரப்பு நிறுவனத்தைவிட விளம்பர முகவாண்மைகளுக்கே அதிகப் பிடி இருந்தது. என்.பி.சி. ஒளிபரப்பு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த பாட் வீவர் 1954இல் பெரும் பொருட்செலவிலான தனிச் சிறப்பு நிகழ்ச்சிகளைத் தொடங்கியதற்கு, விளம்பரதாரரின் இந்தப் பிடியைத் தளர்த்துவதும் ஒரு நோக்கமாக இருந்தது. என்.பி.சி.யின் தாய் நிறுவனமான ஆர்.சி.ஏ. வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விற்க விரும்பியதால் அந்நிகழ்ச்சிகள் வண்ணத்தில் ஒளிபரப்பாயின என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாம் இன்று இனிமையாக நினைவுகூரும் ஒவ்வொரு பாடல் காட்சியின் பின்னாலும் ஏதோ ஒரு பொருளை விற்கும் கணக்கு இருந்தது. அது குற்றமன்று, அந்தக் கணக்கில் யார் சேர்க்கப்பட்டார்கள், யார் சேர்க்கப்படவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவதே எனக்கு உறுத்துகிறது.

நாட் கிங் கோலின் நிகழ்ச்சி 1956 நவம்பர் 5 அன்று என்.பி.சி.யில் தொடங்கியது. முதலில் அது வாரம் ஒருமுறை வந்த பதினைந்து நிமிட நிகழ்ச்சி மட்டுமே. அந்த ஆண்டின் ஏப்ரல் 10 அன்று, அவர் பிறந்த அலபாமா மாநிலத்திலேயே, பர்மிங்காம் நகர அரங்கில் வெள்ளையர்களுக்கென்று தனியே நடத்தப்பட்ட கச்சேரியில் பாடிக்கொண்டிருந்தபோது, இனவெறியர் சிலர் மேடையேறி அவரைத் தாக்கிக் கீழே தள்ளினர். அன்றிரவே கறுப்பின மக்களுக்கென வைத்திருந்த இரண்டாவது கச்சேரியை அவர் பாடி முடித்தார். அதற்கு எட்டாண்டுகளுக்கு முன், 1948இல், லாஸ் ஏஞ்சலிஸின் ஹான்காக் பார்க் பகுதியில் அவர் வீடு வாங்கியபோது, அங்கிருந்த வெள்ளையர்கள் அவர் குடிவருவதை எதிர்த்தார்கள். இத்தனைக்கும் கேப்பிட்டல் இசைத்தட்டு நிறுவனத்தின் வருவாய்க்குப் பெரும் தூணாக இருந்தவர் அவர். 1956இல் எழுந்த அந்நிறுவனத்தின் வட்டக் கோபுரத்தை நாட் கட்டிய வீடு என்றே மக்கள் அழைத்தார்கள். இப்படிப்பட்ட ஒருவர், அதே ஆண்டின் இறுதியில், நல்ல தையலில் அமைந்த உடையுடன் பியானோ அருகே நின்று, தேசம் முழுவதற்கும் மாலை வணக்கம் சொன்னார். அந்தப் பதிவுகளைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவரது நிதானம் என்னை வியக்க வைக்கிறது. தெளிவான உச்சரிப்பு, சிறு புன்னகை, பாடலின் பொருளைக் கெடுக்காத அளவான அசைவு ஆகிய அனைத்தும் தொலைக்காட்சிக்கென்றே பிறந்தவரின் இயல்புகள். பியானோவில் அவர் எளிதாகச் செய்துகாட்டுவதைப் பார்க்கும்போது, பாடகராகப் புகழ்பெறும் முன்னரே ஜாஸ் உலகம் மதித்த வாத்தியக் கலைஞர் அவர் என்பதும் விளங்கும்.

தொடக்கத்தில் பார்வையாளர் எண்ணிக்கை குறைவாகத்தான் இருந்தது; கட்டுரையாளர் அதை மட்டும் எடுத்துக்கொண்டார். ஆனால் 1957 ஜூலையில் நிகழ்ச்சி அரைமணி நேரமாக நீட்டிக்கப்பட்டபின் நிலைமை மேம்பட்டது. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு, பெக்கி லீ, மெல் டார்மே, ஹாரி பெலஃபோன்டே, டோனி பென்னெட் எனத் தம் மேடைக் கட்டணத்தை எண்ணிப் பார்த்திருந்தால் வந்திருக்கவே முடியாத கலைஞர்கள், தொழிற்சங்கம் நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்துக்கோ அதற்கு நெருக்கமான தொகைக்கோ வந்து பாடினார்கள். அந்நிகழ்ச்சி தொடர வேண்டும் என்று சக கலைஞர்கள் விரும்பினார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. என்.பி.சி.யும் தன் செலவில் அதை நடத்தி வந்தது. நியூயார்க் பகுதியில் ரைன்கோல்டு பீர் போன்ற வட்டார விளம்பரதாரர்கள் முன்வந்தார்கள். நாடு முழுவதற்குமான விளம்பரதாரர் ஒருவர்கூட வரவில்லை. கறுப்பினப் பாடகர் ஒருவரோடு தம் பொருளின் பெயர் சேர்ந்து கேட்டால் தென் மாநிலங்களில் வெள்ளையர்கள் அப்பொருளைப் புறக்கணிப்பார்கள் என்று பெருநிறுவனங்கள் அஞ்சின. வேறொரு நேரத்துக்கு மாற்றித் தொடரலாம் என்று என்.பி.சி. சொன்னபோது, அந்த நேரம் நிகழ்ச்சிக்கு உதவாது என்று கருதிய கோல் தாமே விலகிக்கொள்ள முடிவெடுத்தார். 1957 டிசம்பர் 17 அன்று கடைசி நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று.

அவர் இதை மௌனமாக விழுங்கிவிடவில்லை. 1958இன் தொடக்கத்தில் கறுப்பின வாசகர்களுக்கான 'எபனி' இதழில் தம் பெயரில் எழுதிய கட்டுரையில், ஒளிபரப்பு நிறுவனத்தைக் குறைசொல்லாமல், விளம்பர முகவாண்மைகளையும் அவற்றின் பெரிய வாடிக்கையாளர்களையுமே பொறுப்பாக்கினார். விளம்பரத் தொழிலின் மையமான நியூயார்க் தெருவைச் சுட்டி, மேடிசன் அவென்யூவுக்கு இருட்டென்றால் பயம் என்று அவர் சொன்னது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. மேடையில் ஒருபோதும் குரலை உயர்த்தாத மனிதர் அத்தனை கூர்மையாகப் பேசினார் என்றால், அவர் மனம் எவ்வளவு புண்பட்டிருக்க வேண்டும்!

பார்வையாளர் குறைவுதான் காரணம் என்று இன்னும் நினைப்பவர்கள் அதே 1957 இலையுதிர்காலத்தில் ஏ.பி.சி. நிறுவனத்தில் தொடங்கிய ஃபிராங்க் சினாட்ராவின் நிகழ்ச்சியைப் பார்க்க வேண்டும். அதற்கு நாடு தழுவிய விளம்பரதாரர்கள் தொடக்கத்திலிருந்தே இருந்தார்கள். அது மக்களிடம் எடுபடவில்லை. ஒரு பருவத்தோடு முடிந்தது. சினாட்ராவும் கோலும் அப்போது ஒரே இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாடியவர்கள். இருவரின் புகழ்பெற்ற பதிவுகளில் பலவற்றுக்கு வாத்திய இசை அமைத்தவரும் ஒருவரே, நெல்சன் ரிடில். தொலைக்காட்சியிலும் இருவருக்கும் அவர் இசைக்குழுவை நடத்தினார். குரலிலோ, இசையிலோ, மேடைப் பக்குவத்திலோ ஒருவரை மற்றவருக்குக் கீழே வைக்க எந்த நியாயமும் இல்லை. சினாட்ராவின் நிகழ்ச்சி தோற்கும் உரிமையோடு தொடங்கியது. கோலின் நிகழ்ச்சிக்கு அந்த உரிமைகூடக் கொடுக்கப்படவில்லை.

சினாட்ராவைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். 1965 நவம்பர் 24 அன்று என்.பி.சி.யில் ஒளிபரப்பான அவரது ஒருமணி நேர வண்ண நிகழ்ச்சியை, இவ்வகை நிகழ்ச்சிகள் எட்டிய உச்சம் என்றே நானும் கருதுகிறேன். விருந்தினர் இல்லை, நகைச்சுவைத் துணுக்குகள் இல்லை. ஐம்பது வயதை நெருங்கிய ஒரு பாடகரும் ரிடில், கார்டன் ஜென்கின்ஸ் ஆகியோர் நடத்திய இசைக்குழுவும் மட்டுமே. ஒரு பாடகரை நம்பி ஒருமணி நேரம் முழுவதையும் ஒப்படைக்கலாம் என்ற துணிவு அதில் தெரிகிறது. 1967இல் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் பிரேசில் நாட்டின் அந்தோனியோ கார்லோஸ் ஜோபிமும் சினாட்ராவுடன் இணைந்த நிகழ்ச்சியில், ஜோபிம் கிட்டாரோடு அருகில் அமர்ந்திருக்க, சினாட்ரா தம் குரலை அதுவரை கேட்டிராத அளவு தணித்துப் பாடும் பகுதியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. ஆயினும் 1965ஆம் ஆண்டின் அந்த நிகழ்ச்சியைப் பார்க்கையில், அதற்கு ஒன்பது மாதங்கள் முன்பு, பிப்ரவரி 15 அன்று, தமது 45ஆம் வயதில் நுரையீரல் புற்றுநோயால் கோல் மறைந்துவிட்டார் என்ற எண்ணம் தவிர்க்க முடியாமல் எழுகிறது. 1963இல் பிரிட்டனின் பி.பி.சி. கோலுக்கென்று ஒரு தனிச் சிறப்பு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. பி.பி.சி. பார்வையாளர்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்தில் இயங்கும் நிறுவனம். அங்கே எந்த விளம்பரதாரரின் சம்மதத்தையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பதிவில் கோல் எவ்வளவு இயல்பாக இருக்கிறார் என்பதைப் பார்த்தவர்களுக்கு, பணம் எங்கிருந்து வருகிறது என்பது கலையை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

கோலுக்கு நேர்ந்தது தனியொரு நிகழ்வும் அன்று. ஹாரி பெலஃபோன்டே மென்குரல் பாடகர் மரபைச் சேர்ந்தவர் அல்லர். எனினும் அவரைப் பற்றி இங்கே ஓரிரு வரிகள் தேவை. 1959 டிசம்பரில் ரெவ்லான் என்ற ஒப்பனைப் பொருள் நிறுவனத்தின் ஆதரவில் சி.பி.எஸ்.ஸில் வந்த அவரது சிறப்பு நிகழ்ச்சிக்குத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். அதன்பின் வந்த நிகழ்ச்சியில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒன்றாக மேடையில் தோன்றுவதை விளம்பரதாரர் விரும்பவில்லை என்றும், அதனால் அந்த உறவு முறிந்தது என்றும் அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். 1968இல் பெட்டுலா கிளார்க் என்ற ஆங்கிலேயப் பாடகியின் சிறப்பு நிகழ்ச்சிப் பதிவில், பாடலின் உணர்ச்சியில் அவர் பெலஃபோன்டேயின் கையைப் பற்றிக்கொண்டார். கார் நிறுவனமான விளம்பரதாரரின் பிரதிநிதி அந்தக் காட்சியை மாற்றிப் பதிவுசெய்யுமாறு வற்புறுத்தினார். கிளார்க் இணங்கவில்லை. மற்ற பதிவுகளை அழிக்கச் செய்து, கையைப் பற்றிய அந்த ஒரு பதிவை மட்டுமே ஒளிபரப்பக் கொடுத்தார். கோலின் நிகழ்ச்சி நின்று பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியும் ஒரு கை இன்னொரு கையைத் தொடுவது வாதத்துக்குரியதாக இருந்திருக்கிறது.

சிறிய திருத்தம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தேசிய அளவில் தம் பெயரில் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்திய முதல் கறுப்பினக் கலைஞர் கோல் என்று கட்டுரை குறிப்பிடுகிறது. இது பல இடங்களில் காணப்படும் கூற்றுதான். ஆனால் பியானோ கலைஞரும் பாடகியுமான ஹேசல் ஸ்காட் 1950ஆம் ஆண்டின் கோடையிலேயே டூமாண்ட் ஒளிபரப்பில் தம் பெயரில் நிகழ்ச்சி நடத்தினார். கம்யூனிஸ்ட் ஆதரவாளர் என்ற ஐயத்துக்கு ஆளாகி, அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் செப்டம்பரில் அவர் சாட்சியமளித்தபின் சில நாட்களிலேயே அந்நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. கோலின் பெருமைக்கு 'முதல்' என்ற அடைமொழி தேவையில்லை. ஹேசல் ஸ்காட்டின் பெயரோ ஏற்கெனவே போதுமான அளவு மறக்கப்பட்டுவிட்டது.

இந்நிகழ்ச்சிகளில் எவை நம் கைக்கு வந்து சேர்ந்தன என்பதும் இதனோடு தொடர்புடையது. 1956க்கு முன் நேரடி ஒளிபரப்பைச் சேமிக்க இருந்த வழி, திரைக்கு முன்னால் ஃபிலிம் கேமராவை வைத்துப் படமெடுக்கும் கினஸ்கோப் முறையே. அதில் முகத்தின் மென்மையெல்லாம் போய்விடும். 1956 ஏப்ரலில் ஆம்பெக்ஸ் நிறுவனம் வீடியோ டேப் பதிவுக் கருவியை அறிமுகப்படுத்தியது. டேப்பின் வளர்ச்சியில் பிங் கிராஸ்பிக்கும் நேரடிப் பங்கு உண்டு: நேரடி வானொலி ஒலிபரப்பின் கட்டாயத்திலிருந்து விடுபட விரும்பிய அவர், ஒலிநாடாக் கருவிகளைத் தயாரிக்க ஆம்பெக்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்தார், அவரது நிறுவனமே 1951இல் படத்தை நாடாவில் பதியும் சோதனையைச் செய்துகாட்டியது. 1957 அக்டோபர் 13 அன்று அவர் நடத்திய சிறப்பு நிகழ்ச்சி, சினாட்ரா, ரோஸ்மேரி குலூனி, லூயி ஆர்ம்ஸ்ட்ராங் ஆகியோர் பங்கேற்றது, டேப்பில் பதிவாகி இன்றும் தெளிவாகக் காணக் கிடைக்கிறது. அதே மாதத்தில் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த கோலின் நிகழ்ச்சிகளை நாம் பார்ப்பது மங்கலான கினஸ்கோப் பிரதிகளில்தான். கிராஸ்பியின் கடைசி கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் டேவிட் போவியுடன் அவர் பாடியதைப் பற்றிக் கட்டுரை விரிவாகப் பேசுகிறது. 1977 செப்டம்பரில் இங்கிலாந்தில் பதிவான அக்காட்சி, அக்டோபரில் கிராஸ்பி இறந்தபின் நவம்பர் இறுதியில் ஒளிபரப்பானது என்பதால் அதற்குக் கிடைக்கும் கவனம் நியாயமானதே. இணையத்தில் தேடுபவர்களுக்கு அது முதலில் கண்ணில் படுகிறது. கோலின் நிகழ்ச்சியைத் தேடித்தான் செல்ல வேண்டியிருக்கிறது. ஆகவேதான் அதைச் சுட்டிக்காட்டும் பொறுப்பு எழுதுபவருக்குக் கூடுதலாக இருக்கிறது என்கிறேன்.

பாட்டைக் கேட்டு மகிழாமல் அரசியலை ஏன் இழுக்க வேண்டும் என்று தங்கள் வாசகர்களில் சிலர் கேட்கலாம். அந்த அரசியலைப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் பாட்டைக் கேட்பவர்கள் அல்லர். பணம் கொடுக்க மறுத்தவர்கள். பர்மிங்காமில் அடிபட்டவர் அடுத்த சில மாதங்களில் எந்தக் கசப்பும் குரலில் ஏறாமல் காதல் பாட்டைப் பாடுகிறார் என்று அறிந்து கேட்கும்போது அந்தப் பாட்டு குறைந்துபோவதில்லை. என் அனுபவத்தில் அது இன்னும் ஆழமாகவே இறங்குகிறது.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். கோலின் நிகழ்ச்சி நின்றதற்கான காரணத்தையும் ஹேசல் ஸ்காட் பற்றிய விவரத்தையும் திருத்தக் குறிப்பாக, கட்டுரை வெளியான அதே இணைப்பில் வெளியிட வேண்டும். அடுத்து, கோலின் நிகழ்ச்சி தொடங்கி 70 ஆண்டுகள் நிறைவுறும் 2026 நவம்பர் 5ஐ ஒட்டி அவரைப் பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரையை வெளியிட வேண்டும். இதே கட்டுரையாளரே அதை எழுதினால் நான் பெரிதும் மகிழ்வேன். இப்பாடகர்கள்மீது அவருக்குள்ள பற்று உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. கோலின் பியானோ வாசிப்பைப் பற்றியும், 1957இல் அவர் நிகழ்ச்சிக்குக் குறைந்த ஊதியத்தில் வந்து பாடிய ஒவ்வொரு விருந்தினரைப் பற்றியும் அதில் எழுத இடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி